பெட்டிப் புடவைக்கு நிறம் வந்த கதை

நம் மிஷன் பள்ளிக்கூடத்தின் நிறுவனர் நாள் வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் ஆளுக்கொரு ரோஜா நிறப் புடவை கொடுப்பார்கள். மேடையில் ஒருவர் எழுந்து, இந்த நிறம் வேதத்தில் வரும் சாரோனின் ரோஜாவைக் குறிக்கிறது என்பார். இன்னொருவர், கடல் கடந்து வந்த துரைசானி ஒருத்தி தன் தோட்டத்து ரோஜாவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்பார். இரண்டுக்கும் கைதட்டுங்கள். சம்பளம் வாங்குகிறீர்கள், கைதட்டுவதும் வேலையில் சேர்த்திதான். ஆனால் நம்பித் தொலைக்காதீர்கள். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி நீங்கள் வந்து இறங்குகிற இதே ஊரில், போதகர் வீட்டுக் கொல்லையில், நெல் அவிக்கிற அண்டாவில் பிறந்த நிறம் அது. அண்டாவுக்குக் கீழே விறகு தள்ளியவள் நான்.

பாடம் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பிள்ளைகள் எப்படியோ தேறிவிடுவார்கள். நான் தையல் டீச்சர். சேரும்போதும் தையல் டீச்சர், ஓய்வு பெறும்போதும் தையல் டீச்சர். கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் அனுப்புவார்கள். நான் லீவு போட்டால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு வசதி உண்டு. யாரும் கவனிக்காத ஆளால் நிறைய காரியம் செய்ய முடியும்.

அப்போது கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மேடையில் அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார், நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது. வயலில் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தை மாதம் கதிர் முற்றினால் செங்கொடி வரும். செங்கொடி வந்தால் பின்னாலேயே போலீஸ் வேன் வரும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் நிறம் என்பது சும்மா இல்லை. விளையாட்டு விழாவுக்கு நான் சிவப்பு ரிப்பன் வாங்கினால் நிலக்காரர்கள் முறைப்பார்கள். அதோடு கறுப்பையும் சேர்த்து வாங்கினால் பழைய கட்சிக்காரர்கள் முறைப்பார்கள். பச்சை வாங்கினால் அதற்கும் ஒருவர் வந்து காரணம் கேட்பார். வெள்ளை ஒன்றுதான் வம்பில்லாத நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லுத்தரன் சபையில் வெள்ளைக்கு ஒரு பெட்டி இருந்தது. பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றது கைக்குழந்தையில். பெரியவர்களானதும் வகுப்பு முடித்து, சபை முன்னால் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் திடப்படுத்தல் பெற வேண்டும். அன்றைக்குப் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டுவார்கள். பெட்டியில் பன்னிரண்டு புடவைகள், பன்னிரண்டு ரவிக்கைகள். அந்தப் பெட்டியை வைத்தது ஒரு பைபிளம்மா. முன்னோடிப் பெண்கள் என்று வராந்தாவில் வரிசையாகப் படம் மாட்டியிருக்கிறீர்களே, அதில் அவர் இல்லை. அவரை யாரும் படம் எடுக்கவில்லை.

கூலிக்காரர்கள் இருந்த கீழத்தெருவில் பிறந்தவர் அவர். இளம் வயதில் புருஷனை இழந்து, மிஷனில் எழுத்துப் படித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். களத்து மண்ணில் விரலால் எழுதினால் போதும் என்பாராம். படிக்க வந்த பெண்கள் கோயிலுக்கு வரவில்லை. காரணம் பக்திக் குறைவில்லை, துணிக் குறைவு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நல்ல புடவை. ஒருத்தி வந்தால் மற்றவள் வீட்டில். ரவிக்கை போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நடந்தால், யாரைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்க ஆள் இருந்த காலம். அந்த அம்மாள் ஊர் ஊராக அலைந்து காசு தண்டிப் பன்னிரண்டு புடவைகள் வாங்கினார். நீளக் கை வைத்த ரவிக்கைகளை, எந்தப் பெண்ணின் உடம்புக்கும் ஏற்றபடி தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளும்படி உள்ளே மூன்று விரல் துணி மடித்துத் தாமே தைத்தார். தையல்காரியாகச் சொல்கிறேன், அந்த மடிப்பைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு சட்டம் போட்டார். யார் வீட்டுப் பெண்ணானாலும் அன்றைக்குப் பெட்டிப் புடவைதான்.

அவர் செத்த பிறகு சட்டமும் மெல்லச் செத்தது. வசதியான மேலத்தெரு வீட்டுப் பெண்கள் நல்ல புடவையாகப் பார்த்து முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுவது கீழத்தெருவுக்கு. அதில் ஒன்றை எலி கடித்திருந்தது. எப்படிக் கட்டினாலும் அது இடுப்பில் நிற்காது. ஜெபத்தின் நடுவில் நழுவி மானத்தை வாங்கும். பன்னிரண்டில் ஒன்று காட்டிக்கொடுப்பதால் அதற்கு யூதாஸ் என்று பெயர் வைத்திருந்தோம். யூதாஸ் எப்போதும் கீழத்தெருவுக்குத்தான் போவார்.

ரூத் கீழத்தெருப் பெண். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள், ஆணையும் சேர்த்து. டீச்சர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. மிஷன் பயிற்சிப் பள்ளிக்குப் பெண்களைப் பேராயர்தான் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். திடப்படாத பெண்ணை அவர் பார்க்கவே மாட்டார். ரூத்துக்குத் திடப்படுத்தல் வகுப்பு இரண்டு முறை நடவு நேரத்தில் வந்து தவறிப்போயிருந்தது. இந்தத் தை மாதம் பேராயர் எங்கள் ஊருக்கே வந்து திடப்படுத்தப் போகிறார். அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் ரூத்துக்கு வயல்தான்.

அவள் அம்மா சலோமி நாற்று நடவும் அறுக்கவும் போகிறவள். ஊர்வலத்தில் கொடி தூக்குகிறவளும் அவள்தான். அந்த வாரம் கீழத்தெருவில் போலீஸ் புகுந்து கொடி, அரிவாள், ஆள் என்று தேடிக்கொண்டிருந்தது. அரிவாள் எல்லா வீட்டிலும் இருந்தது. அறுப்புக்காரன் வீட்டில் அரிவாள் இல்லாமல் ஆர்மோனியமா இருக்கும்? கொடி அகப்படுகிற வீட்டுக்காரர் வேனில் ஏற வேண்டும் என்று பேச்சு. அந்த ஞாயிறு திடப்பட இருந்த கீழத்தெருப் பெண்கள், ரூத்தோடு சேர்த்து நாலு பேரும், கட்டிப் பழகுவதற்காக நாலு பெட்டிப் புடவைகளை வாங்கிப்போய் ரூத் வீட்டில் வைத்திருந்தார்கள். கோயில் துணியைப் போலீஸ் உதறிப் பார்க்காது என்று சலோமி கொடியை அந்தப் புடவை மடிப்புக்குள் செருகிவிட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் மகளிடம் சொல்லவில்லை. சலோமி வெளியே போயிருந்த நேரத்தில் ரூத் மூட்டையை வெளுப்பதற்காகக் கொண்டுவந்து ஐயரம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஐயர் என்றால் எங்கள் சபையில் போதகர். பூணூல் கிடையாது, பயம் உண்டு. ஐயரம்மா அவர் மனைவி. சத்தமாக மூச்சுக்கூட விடாதவர், பெட்டிக்குப் பொறுப்பாளர். சனிக்கிழமை காலையில் அண்டாவில் சோடா உப்பைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, மூட்டையைப் பிரிக்காமலேயே உள்ளே தள்ளிவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார்.

இஸ்திரி போடப் புடவைகளை வாங்கலாம் என்று நானும் ரூத்தும் போனபோது, கொல்லையில் ஐயரம்மா கையில் துடுப்பை வைத்துக்கொண்டு நின்றார். கயிற்றில் நாலு புடவைகள் தொங்கின. மாடு வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

“யாரோட பாவாடைன்னு தெரியல டீச்சர். உள்ள கெடந்துச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

துவைக்கிற கல்லில் அது கிடந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நீளமாக மடித்து, இரண்டு முனையும் திறந்து வைத்த தையல். பாவாடையில் நாடா கோக்கும் மடிப்பும் கொடியில் கம்பு நுழைக்கும் மடிப்பும் ஒரே தையல்தான். ஆனால் பாவாடைக்கு அகலம் வேண்டும், இது ஒற்றைத் துணி. எனக்குப் புரிந்துவிட்டது. ரூத்துக்கும் புரிந்தது, அவள் முகம் சுண்ணாம்பாகப் போயிற்று. அந்த நிமிஷத்தில் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு சலோமி ஓடிவந்தாள். கல்லைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல வேளையாக, என்று சொல்ல வந்தேன். நல்ல வேளை எங்கே இருந்தது? பேராயருக்குக் காலைப் பலகாரம் என்ன என்று பேசுவதற்கு ஐயரும் மூப்பரும் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். நான் கொடியை அண்டாவுக்குள் போட்டுத் தட்டை மூடினேன்.

மூப்பர் சபையின் பெரிய தலை. ஊர் நஞ்சையில் பாதி அவருடையது. கழகம் ஜெயிக்கிற வரைக்கும் கதர், ஜெயித்த மறுவாரம் கரை வேட்டி. தையல்காரி கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. வேட்டியில் கரை மாறியதே தவிர, களத்தில் அவர் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. கீழத்தெரு ஆட்கள் அவர் வயலில் அறுக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்த வாரம் அது. மனிதர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார், எங்கள் அண்டாவைப்போல.

புடவைகளைப் பார்த்தார். “என்ன இது?”

“சாயத்துணி ஒண்ணு கலந்துடுச்சுங்க” என்றார் ஐயரம்மா.

“இந்த நாலும் யார் எடுத்துட்டுப் போனது?”

அவர் தாமே கணக்குப் போட்டார். “பொண்ணுங்க பன்னெண்டு. நல்ல புடவை எட்டு இருக்கு. என் பொண்ணுக்கு வெள்ளைப் பட்டு எடுத்திருக்கேன். மத்த மேலத்தெருப் பொண்ணுங்க ஏழு பேரு. ஒண்ணு மிச்சம். ரூத்து படிச்ச பொண்ணு, பேராயர் பார்க்கணும்னு ஐயரும் சொல்லிட்டிருக்காரு. அத அவ கட்டிக்கட்டும். கெடுத்தது அவங்கதானே, மிச்சம் மூணு பேரும் அடுத்த தடவ வரட்டும். கறை பட்ட துணியோட கர்த்தர் முன்னாடி நிக்கலாமா, என்ன ஐயரே?”

ஐயர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். இளநீர் முற்றிவிட்டதா என்று கர்த்தர் அவரிடம் கேட்டதுபோல.

பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். உங்கள் வேலையிலும் இது வரும். ஒரு சிக்கலுக்கு மேலே இருக்கிறவர் கொடுக்கிற வழி கணக்குச் சரியாக உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த ஒரு பிள்ளைக்கு நல்லதும் செய்தால், ரொம்பச் சந்தேகப்படுங்கள். எனக்கு அப்போது சந்தேகம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ரூத் பிழைத்தாள் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு சலோமி எழுந்து மகளின் கையைப் பிடித்தாள். “அந்த ஒத்தப் புடவைய வாங்கி வெச்சுக்க. வேற எதுவும் பேசாத.”

“எனக்கு மட்டும்னா வேணாம்மா” என்றாள் ரூத்.

“பைத்தியமா ஒனக்கு? அவரு வாயால குடுத்திருக்காரு.”

“அவரு குடுத்ததுனாலதான் வேணாங்கறேன். மூணு பேருக்கும் என்ன சொல்வ? சாராவுக்கு மாசியில கல்யாணம். திடப்படலன்னா கோயில்ல தாலி கட்ட விடமாட்டாங்க. நான் அவ முன்னாடி வெள்ளப் பொடவையில நிக்கணுமா?”

“நான் சேத்துல நின்னு ஒன்னப் படிக்க வெச்சது இதுக்காடி?” சலோமி கையை ஓங்கிவிட்டாள். ரூத் நகரவில்லை. சலோமி ஓங்கிய கையாலேயே தன் முகத்தில் அறைந்துகொண்டாள். “எல்லாம் என்னாலதான். கொண்டுபோயி அங்கயா வெப்பேன், அங்கயா வெப்பேன்” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ரூத்தின் மேல் கோபமும் வந்தது. பதினேழு வயதில் அப்படி நேராக நிற்கிற பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் கோபம் வரும்.

ஐயரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் போனார். பெட்டியோடு வந்தார். பூட்டைத் திறந்து, எட்டு வெள்ளைப் புடவைகளையும் வாரி எடுத்து, அண்டாத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, மொத்தமாக உள்ளே போட்டார். கயிற்றில் தொங்கிய நாலையும் உருவி அதன்மேல் போட்டார்.

“பெட்டிக்கு நான்தானே பொறுப்பு” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இதற்குமேல் என் வேலை. அண்டாத் தண்ணீரில் இருந்த சாயம் நாலு புடவைக்கே ஒழுங்காகப் பிடிக்கவில்லை, பன்னிரண்டுக்கு எங்கே போவது? கொடியில் இன்னும் சாயம் பாக்கி இருந்தது. அதை நன்றாகக் கொதிக்கவைத்துப் பிழிந்து எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வரும். ஆனால் அப்புறம் கொடி கொடியாக இருக்காது. அது சலோமியின் சொந்தச் சொத்து இல்லை, சங்கத்தினுடையது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

சலோமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவிங்க டீச்சர். கொடி போனா இன்னொண்ணு தைச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு விறகை எடுத்து உடைத்தாள்.

கல் உப்பு, படிகாரம், விறகு. நாலு பெண்கள் முறைபோட்டுத் துடுப்புப் போட்டோம். மத்தியானம் கொல்லை முழுக்கப் பன்னிரண்டு புடவைகள் ஒரே நிறத்தில் காய்ந்தன. வெயில் பட்டபோது அழகாக இருந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். திரும்பி வந்த ஐயர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“மூப்பருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாதீங்க. அது உங்களுக்கு நல்லா வரும்” என்றார் ஐயரம்மா. அந்த அம்மாளுக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பக்கத்து அறையில் பதினோரு பெண்கள் ரோஜா நிறத்தில் நின்றார்கள். மேலத்தெருப் பெண்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். வெளியே வெள்ளி முலாம் பூசிய சிலுவையோடு பேராயர் நிற்கும்போது வேறு புடவைக்கு எங்கே ஓடுவது என்று கட்டிக்கொண்டார்கள். மூப்பர் மகள் வெள்ளைப் பட்டில் வந்தாள். பதினோரு பேரையும் பார்த்தாள், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் வந்தாள்.

“டீச்சர், இன்னும் ஒண்ணு இருக்கா? தனியா நின்னா நான் தாலி அறுத்தவ மாதிரி இருக்கேன்.”

இருந்தது. மிஞ்சியது யார் என்று உங்களுக்கே தெரியும். எலி கடித்த இடத்தை நான் நெய்து மூடியிருந்தேன், இருந்தாலும் குணம் மாறுமா? நாலு ஊக்குப் போட்டு யூதாஸை அந்தப் பெண்ணின் இடுப்பில் நிறுத்தினேன். அந்தக் கோயிலின் சரித்திரத்தில் யூதாஸ் மேலத்தெருவுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு பேரும் வரிசையாக உள்ளே போனபோது மூப்பர் தன் மகளைத் தேடினார். கொஞ்ச நேரம் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்ததும் அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பெண்கள் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

பேராயர் வயதானவர், நிதானமானவர். ஞானோபதேசக் கேள்விகளை ஒவ்வொருவராகக் கேட்டார். ரூத்திடம் வந்தார். அவள் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடினார். “நான் நெறைய ஊர்ல திடப்படுத்தியிருக்கேன். எல்லா ஊர்லயும் வெள்ளைதான். இங்க ஏம்மா இந்த நெறம்?”

இது எந்த உபதேசப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. பலிபீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் அம்மா வேனில் ஏறுவாள், இவளுக்குப் பயிற்சிப் பள்ளியும் இல்லை. சாரோனின் ரோஜா என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஆமாம், அந்தப் பொய் முதலில் என் புத்தியில் வந்ததுதான்.

ரூத் சொன்னாள்: “எங்கம்மா துணி ஒண்ணு இதோட சேந்து வெந்துடுச்சுங்க ஐயா. நாலு பொடவை கறையாப் போச்சு. அந்த நாலும் எங்க தெருவுக்குத்தான் வரும். எங்களுக்கு மட்டும் கறையா இருக்க வேணாம்னு எல்லாத்தையும் சாயத்துல போட்டுட்டோம்.”

இருநூறு வருஷப் பிரசங்கத்தில் யாரும் சொல்லாததை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

மூப்பர் எழுந்தார். “என்ன துணின்னு கேளுங்க ஐயா. போலீசு தேடிக்கிட்டிருக்கிற துணியான்னு கேளுங்க.”

பாயில் உட்கார்ந்திருந்த சலோமி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் முந்தானையை இழுத்துப் பிடித்தேன். அதற்குள் முன்வரிசையில் வேறு ஒருவர் எழுந்துவிட்டார். கோயிலில் பெண்கள் வாய் திறந்தால் பாடுவதற்கு மட்டும்தான் என்றிருந்த காலம். எழுந்தது ஐயரம்மா.

“உள்பாவாடைங்க ஐயா” என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். “நான்தான் அவிச்சேன். நாடா கோக்குற மடிப்ப என் கையால தொட்டுப் பாத்தேன். மூப்பருக்குச் சந்தேகம்னா எடுத்துட்டு வரச் சொல்றேன். இங்கயே விரிச்சுப் பாக்கட்டும்.”

ஆண்கள் பக்கம் மொத்தமும் தரையைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். மூப்பர் நின்றார், சுற்றிலும் பார்த்தார், உட்கார்ந்தார். சபை நடுவில் ஒரு கூலிக்காரியின் உள்பாவாடையை விரித்துக் காட்டச் சொன்ன மூப்பர் என்று ஊரில் பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. மானம் என்று சொல்லி எங்களை எத்தனையோ முறை வாயடைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு தடவை அது எங்கள் பக்கம் வேலை செய்தது.

பேராயர் ரூத்தின் தலையில் கை வைத்தார். ஜெபம் முடிந்தும் கையை எடுக்காமல், “பயிற்சிப் பள்ளி ஆனியில தெறக்குது. ஒங்கம்மாகிட்ட சொல்லு” என்றார். சலோமி பாயில் குனிந்து விசும்பியது எனக்குக் கேட்டது.

ஆராதனை முடிந்து சலோமி கொல்லைப் பக்கமாக வந்தாள். ஐயரம்மா கொடியை மடித்துக் கையில் கொடுத்தார். பழைய காடாத்துணிபோல் வெளிறிப் போயிருந்தது. “பாவாடைக்கு இவ்வளவு நீளம் வேணாம் சலோமி. அடுத்த தடவ டீச்சர்கிட்ட குடுத்துத் தைச்சுக்க” என்றார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் ஒரு புதுச் செங்கொடி தைத்தேன், பள்ளிக்கூடத்துத் தையல் மிஷினில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். இனிமேல் என் பென்ஷனை நிறுத்த முடியாது என்பதால் சொல்கிறேன். மடிப்பு நல்ல உறுதியாக வந்திருந்தது.

அதற்கப்புறம் வெள்ளைக்குத் திரும்பலாம் என்று பேச்சு வந்தது. பேராயர் எங்கள் ஊரில் பார்த்த நிறம் அழகாக இருந்தது என்று வேறெங்கோ சொல்லிவிட்டாராம். அதனால் மூப்பரே புதுசாக ரோஜா நிறத்தில் வாங்கிக் கொடுத்துத் தன் பெயரைப் பெட்டியில் எழுதிவைத்தார். பிறகு ரோஜாவுக்கு அர்த்தம் வந்தது, துரைசானி வந்தாள், தோட்டம் வந்தது. பெட்டியின் நிறம் பள்ளிக்கும் வந்தது.

ரூத் இந்தப் பள்ளிக்கு டீச்சராக வந்தாள், தலைமையாசிரியையாக ஆனாள். கடைசி சில வருஷங்கள் நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்ப்பாள். நன்றி கெட்ட பெண். அவள் தலைமையாசிரியையாக நின்ற முதல் நிறுவனர் நாளில், மேடையில் ஒருவர் சாரோனின் ரோஜாவை விளக்கிக்கொண்டிருந்தார். சலோமி என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு வளைந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. மேடையில் வரிசையாக நின்ற டீச்சர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் பார்த்தாள். மேலத்தெரு எது, கீழத்தெரு எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

“டீச்சர்” என்று என் காதில் சொன்னாள், “ஒரு கொடிதான். அதுல இவ்வளவு சாயமா இருந்துச்சு?”

இந்த வாரம் உங்களுக்குப் புடவை வரும். கடைக்காரன் ஒட்டிய சீட்டில், சாயம் போகும், தனியாகத் துவைக்கவும் என்று போட்டிருப்பான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லாத் துணியோடும் சேர்த்து ஊறவையுங்கள்.